பி.ஏ. வரலாறு முடித்தாயிற்று, அடுத்து எது? நெல்லைப் பட்டதாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

"குரூப் ஃபோருக்குப் படிக்கவா, பி.எட். சேரவா?" "எம்.ஏ. படிச்சா பிரயோசனம் உண்டா?" "எங்க ஊருப் பக்கம் தொல்லியல்காரங்க தோண்டுறாங்களே, அதுல சேர முடியுமா?" வரலாறு மூன்றாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் சுற்று வட்டாரத்திலும் இந்தப் பட்டம் வாங்குகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இவர்களுக்கு இரண்டு வருஷம் வீணாய்ப் போவது பெரிய இழப்பு. அதனால் ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் காலம். இன்று தொடங்கினால் முதல் சம்பளம் கையில் விழ எத்தனை மாதம் ஆகும், அதுவரை வீடு தாங்குமா? மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பார்த்தால் போதும். வீடு ஒன்றரை வருஷம்தான் தாங்கும் என்றால், நான்கு வருஷம் கேட்கிற வழி எவ்வளவு நல்லதானாலும் அதில் இறங்கிப் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். பஸ், விடுதி, தேர்வுக்காக வெளியூர்ப் பயணம், நின்றுபோகும் உதவித்தொகை ஆகியவை கணக்கில் வராமலே கையைக் கடிக்கும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் இளநிலைப் பட்டத்தோடு முடிந்துவிடும். பி.எட். சேர்ந்த பிறகு அதை எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, நீங்கள் படித்த வரலாறு அந்த வழியில் எவ்வளவு மதிப்பெண்ணாக மாறுகிறது என்பது. நான்காவது, கணக்கும் ஆங்கிலமும் எவ்வளவு வேண்டும் என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: தேர்வாகாவிட்டால் அந்த வருஷங்களுக்கு ஈடாகக் கையில் என்ன மிஞ்சும்?

## எந்த வழியானாலும் முதலில் முடிக்க வேண்டியது

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம் இது. 2020இல் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் கிடைக்கும். வரலாறு தமிழ்வழியில் படிக்கிறவர்கள் இங்கே நிறைய. ஆனால் சலுகையைத் தவறவிடுகிறவர்களும் நிறைய.

தவறுவது எங்கே என்றால், சான்றிதழில். தொடக்கப்பள்ளி ஓர் ஊரில், உயர்நிலை இன்னொரு ஊரில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் தனித்தனியாக, எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று குறிப்பிட்டு, உரிய படிவத்தில் வாங்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். மூடப்பட்ட பள்ளியாக இருந்தால் கல்வி அலுவலகத்துக்கு நடக்க வேண்டி வரும். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் நாள் போதாது. கல்லூரி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் மாதத்திலேயே இதையும் முடித்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தீர்களா என்பதையும் பாருங்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் வாங்கிய பட்டத்தை மாநில அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பட்டத்தின் பெயர் வெறும் 'வரலாறு' என்று இல்லாமல் சுற்றுலா, பாரம்பரியம் என்று எதாவது சேர்ந்திருந்தால், அது வரலாற்றுக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேட்டு அதன் நகலை வாங்கி வையுங்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுவது போன்ற கொடுமை வேறில்லை.

## டிஎன்பிஎஸ்சி: குரூப் 4, குரூப் 2

காலமும் செலவும். அறிவிப்பிலிருந்து பணியில் சேர ஏறக்குறைய ஒரு வருஷம். அதற்கு முன் ஆறு முதல் பத்து மாதப் படிப்பு. ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், பல பிரிவினருக்கு அதிலும் சலுகை உண்டு. இதைவிடக் குறைந்த செலவில் தொடங்கும் வழி கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் புத்தகங்களே அடிப்படை. அவற்றை முடிக்கும் முன் ஆயிரக்கணக்கில் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர அவசியம் இல்லை.

வரலாற்றின் பயன். குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. வரலாற்றுப் பிள்ளைகள் வழக்கமாய்ச் சறுக்கும் இடம் இந்தப் பிரிவினையில்தான் தெரியும். தேசிய இயக்கம், நீதிக்கட்சி, சோழர் நிர்வாகம் எல்லாம் மனப்பாடம் என்பதால் அவற்றையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். அவை எல்லாம் அந்த 75க்குள் ஒரு பங்கு மட்டுமே. தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். திறனறிவின் 25 கேள்விக்கு 37.5 மதிப்பெண். சுருக்குதல், விழுக்காடு, மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கொள்ளளவு, காலமும் வேலையும் என எண்ணி எடுக்கக்கூடிய சில தலைப்புகள்தான். தினம் ஒரு மணி நேரம் நான்கு மாதம் போட்டால் 20 கேள்வியைத் தொட முடியும். பட்டியலில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இருபதுதான்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. விடை தெரியாத கேள்வியில் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும், வெறுமனே விடக் கூடாது.

குரூப் 2, 2ஏ. பட்டம் இருந்தால்தான் எழுத முடியும், எனவே போட்டியாளர் குறைவு. முதனிலைத் தேர்வின் அமைப்பு குரூப் 4ஐ ஒத்தது, தரம் கூடுதல். முதன்மைத் தேர்வில் குரூப் 2க்கு விரிவாக எழுத வேண்டும், 2ஏவுக்குக் கொள்குறி வகை, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பக்கம் பக்கமாய் எழுதிப் பழகிய வரலாற்று மாணவர்களுக்கு விரிவான தாள் பயமில்லை. ஆனால் இடம் குறைவு. 2025இல் அறிவிக்கப்பட்டவை இரண்டும் சேர்த்து 645. அதே வருஷம் குரூப் 4இல் அறிவிக்கப்பட்டவை 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. நெல்லையிலேயே இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தரவரிசை பின்னால் இருந்தால் வடக்கே போய் வாடகை கொடுத்து இருக்க வேண்டி வரும். இன்னொன்று, 'இன்னும் ஒரு தடவை' என்று மூன்று நான்கு அறிவிப்புகளைத் துரத்துவது. முதல் தேர்வில் நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் உங்கள் பிரிவின் கட்டாஃபுக்கும் நடுவே 30 கேள்விக்கு மேல் இடைவெளி இருந்தால், வேறு ஒரு பிடிமானத்தையும் சேர்த்துக்கொண்டுதான் இரண்டாம் முறை எழுத வேண்டும்.

யாருக்குப் பொருந்தும். வீடு ஒன்றரை வருஷம் தாங்கும், தமிழ்வழிச் சான்றிதழ் முழுதாய் இருக்கிறது, எட்டாம் வகுப்புக் கணக்கைப் போட மனம் இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் தொட வேண்டும். பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடும் சேர்கிறது. தேர்வாகாவிட்டால் சான்றிதழாக எதுவும் மிஞ்சாது. ஆனால் படித்த பாடம் ரயில்வேக்கும் ஆசிரியர் தேர்வின் பொது அறிவுக்கும் உதவும்.

## பி.எட்., பள்ளி ஆசிரியர்

காலம். பி.எட். இரண்டு வருஷம், நேரில் போய்ப் படிக்க வேண்டும். அதில் பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். முடித்தபின் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். 150 கேள்வி: குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. இதில் தேறியதோடு வேலை வந்துவிடாது. தமிழ்நாட்டில் 2018 முதல் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும் என்பது ஆறுதல். பி.எட். சேர்ந்த நாளிலிருந்து அரசுப் பள்ளிப் பணிக்கு நான்கு வருஷம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அறிவிப்பு தள்ளிப்போனால் கூடும்.

சம்பளம். பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400, முதுநிலை ஆசிரியருக்கு 36,900. குரூப் 4ஐப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. காத்திருப்புக்கு அர்த்தம் இங்கேதான்.

வரலாற்றின் பயன். முதுநிலை ஆசிரியர் தேர்வில்தான் பட்டம் முழு விலைக்குப் போகிறது. 150 மதிப்பெண்ணில் 110 பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் வேண்டும். தமிழ்த் தகுதித்தாள் 50 மதிப்பெண்ணுக்குத் தனியாக இருக்கும், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் பாடத்தாள் மதிப்பிடப்படும். பாடத்தில் கெட்டிக்காரர்களும் இந்தத் தாளை அலட்சியப்படுத்தித் தோற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. பி.எட். முடித்து அரசு வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளிக்குப் போவதுதான் வழக்கம். அங்கே பல பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலியைவிடக் குறைவு. காலை எட்டு மணிப் பள்ளி வண்டியில் ஏறி மாலை ஆறு மணிக்கு விடைத்தாள் கட்டோடு வீடு திரும்பும் பிள்ளைக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க என்ன தெம்பு இருக்கும்? தனியார் பள்ளியில் சேர்வதானால் எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும், சனிக்கிழமை உண்டா என்று கேட்டு, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நேரம் மிஞ்சுகிற பள்ளியைப் பிடியுங்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டாம், நகல் போதும்.

யாருக்குப் பொருந்தும். பிள்ளைகள் முன் நின்று பேசப் பிடிக்கும், வீடு மூன்று நான்கு வருஷம் தாங்கும் என்பவர்களுக்கு. 'கல்யாணத்துக்குள்ள ஒரு படிப்பு' என்று பெண் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, தகுதித் தேர்வு எழுத விடாமல் நிறுத்துவது இரண்டு வருஷத்தையும் பணத்தையும் ஆற்றில் போடுவது. சேர்க்கும்போதே தேர்வு எழுதும் வருஷத்தையும் சேர்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

## எம்.ஏ., நெட், கல்லூரி வேலை

எம்.ஏ.வை வேலை கிடைக்கும்வரை உட்காரும் திண்ணையாக நினைத்துச் சேர்கிறவர்கள் அதிகம். குரூப் 4க்கோ குரூப் 2க்கோ எம்.ஏ.வால் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. முதுநிலை ஆசிரியர், கல்லூரி, தொல்லியல் இந்த மூன்றில் ஒன்று குறியாக இருந்தால் மட்டும் நேரடி வகுப்பில் சேருங்கள். அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே இருக்கிறது.

கல்லூரி வேலைக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேற வேண்டும், அல்லது முனைவர் பட்டம். நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, வரலாற்றுத் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் குறைப்பு இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை. மதிப்பெண்ணைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: வரலாற்றுக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் 'நிலவரித் திட்டம்' என்று படித்ததை அங்கே ஆங்கிலக் கலைச்சொல்லாக அடையாளம் காண வேண்டும். எம்.ஏ. முதல் பருவத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் என்று இரண்டு பத்தி நோட்டு போட்டுக்கொண்டே வந்தால் இந்தத் தடை உடையும். கடைசி ஆறு மாதத்தில் உடையாது.

நெட் மதிப்பெண்ணை வைத்துத் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாயோடு முனைவர் பட்டம் படிக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி ஐந்தாறு வருஷம் இழுக்கும். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்குச் சுமார் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 11 மாதம். நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700. இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்கில நூல்களைத் தாங்களாகவே தேடிப் படிக்கிறவர்களுக்கும், முதல் வருஷத்திலேயே நெட் தேறும் அறிகுறி தெரிகிறவர்களுக்கும் மட்டும் இதைச் சொல்வோம்.

## தொல்லியல், கல்வெட்டு, அருங்காட்சியகம்

இந்த மண்ணில் பிறந்த வரலாற்று மாணவருக்கு மனம் இழுக்கும் வழி இதுதான். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, நம்பியாற்றங்கரைத் துலுக்கர்பட்டி எல்லாம் பஸ் தூரம். ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் வந்திருக்கிறது. ஆசையோடு கேட்கும் பிள்ளைகளுக்கு உண்மை நிலவரத்தையும் சொல்ல வேண்டும்.

பி.ஏ. மட்டும் இருந்தால் அகழாய்வில் கிடைப்பது அந்தந்தப் பருவத்துக்கான தற்காலிக வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழியை மூடிவிடுவார்கள். வேலை எப்படி இருக்கும் என்றால், மண்ணைச் சிறு கொத்தால் சில சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டி எடுப்பது, எடுத்த மண்ணைச் சல்லடையில் அலசி மணி, எலும்பு, இரும்புத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது. கிடைத்த பானை ஓட்டை அடுக்கு வாரியாகப் பிரித்து, பிரஷ் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஊர்க் குறியீடு, குழி எண், ஆழம் மூன்றையும் ஒவ்வொரு ஓட்டிலும் எழுதுவது. கருப்பு சிவப்பு ஓடு ஆயிரம் வந்தால் ஆயிரத்திலும் எழுத வேண்டும். ஓர் ஓட்டில் ஆழம் மாறி எழுதினால் அந்த ஓடு எதற்கும் சாட்சியாகாது. இந்தப் பொறுமை இருக்கிறதா என்று கல்லூரியில் படிக்கும்போதே ஒரு பருவம் தன்னார்வலராகப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நிரந்தர வேலைக்கு எம்.ஏ. முடித்து, மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டு வருஷ முதுநிலைப் பட்டயமோ, கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயமோ தேவை. நொய்டாவில் 15 இடம்தான். 2020இல் தகுதி மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது நினைவிருக்கும். உதவித்தொகை உண்டு என்றாலும் இடம் கிடைப்பது கடினம். பட்டயத்துக்குப் பிறகும் பணியிடம் சில பத்துகளைத் தாண்டாது. 2020இல் டிஎன்பிஎஸ்சி தொல்லியல் அலுவலர் தேர்வு நடத்தியது 18 இடத்துக்கு.

நெல்லைக்காரருக்கு இங்கே ஒரு பலம், தமிழை எழுதிய பழைய எழுத்து முறையான வட்டெழுத்து. முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் மானூரிலும் அம்பாசமுத்திரத்திலும் வட்டெழுத்தில்தான் இருக்கின்றன. அதைச் சரளமாய் வாசிப்பவர்கள் குறைவு. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துக்குழிக்குள் தாளை இறக்கி, மை தோய்த்த உருண்டையால் ஒற்றி மைப்படி எடுக்கவும் கற்றுக்கொண்டவருக்கு எம்.ஏ. நேர்காணலிலும் பட்டயச் சேர்க்கையிலும் தனி மரியாதை. ஏழு வருஷம் ஆனாலும் இதுதான் என்று உறுதியாய் இருப்பவர்கள் வாருங்கள். கையோடு பி.எட். அல்லது நெட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## சட்டம்

மூன்று வருஷப் படிப்பு. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. பட்ட மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை என்பதால் பி.ஏ.வில் 75 சதவீதம் வாங்கியவருக்கு நல்ல வாய்ப்பு. வழக்கறிஞராகப் பதிய மாநில பார் கவுன்சில் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செலவு பின்னால் வருகிறது. சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் மூன்று வருஷம் கையில் நிற்பது பெட்ரோல் காசுதான். கோட்டும் புத்தகமும் வண்டியும் சொந்தச் செலவு. நேரடியாக நீதிபதித் தேர்வு எழுதலாம் என்ற கணக்கும் இப்போது செல்லாது. 2025 மே மாதத் தீர்ப்பின்படி உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷ வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம்.

வரலாறு இங்கே எதிர்பாராத இடத்தில் கைகொடுக்கும். நெல்லையில் சிவில் வழக்கு என்றால் பெரும்பாலும் நிலம். பழைய பத்திரங்களில் தமிழ் எண்ணும், ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கும் வரும். கொல்லம் 1102 என்று பார்த்ததும் 824 கூட்டி 1926, ஆவணி புரட்டாசிப் பத்திரம் என்றால் அந்த வருஷம், தை மாசிப் பத்திரம் என்றால் 1927 என்று சொல்லத் தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் பதிவுக்கும் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவுக்கும் நடுவில் சர்வே எண் எங்கே மாறியது என்று தேடுவது ஆவணக் காப்பக வேலையேதான். ஆறு வருஷம் தாக்குப்பிடிக்க முடிந்தவர்களுக்கு, வாதாடும் நாக்கு இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி.

## வங்கி, எஸ்எஸ்சி, ரயில்வே, குடிமைப் பணி

இந்த நான்கையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. வங்கித் தேர்வில் வரலாறு ஏறக்குறைய பயனற்றது. கணக்கும் ஆங்கிலமும் வேகமும்தான் எல்லாம். எழுத்தருக்கு 28 வயது, அதிகாரிக்கு 30 வயது என்ற பொது உச்சவரம்பும் இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கும் எஸ்எஸ்சியின் பட்டதாரித் தேர்வு முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 25தான் பொது அறிவு, வினாத்தாள் தமிழில் வராது. ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான என்டிபிசி தேர்வு வேறு: முதல் கட்டத்தின் 100 கேள்வியில் பொது அறிவு 40, கணக்கு 30, தர்க்கம் 30. ஆங்கிலத் தாள் கிடையாது, தமிழிலேயே எழுதலாம். குரூப் 4க்குப் படிப்பவர் இதையும் எழுதாமல் விடுவது நஷ்டம். ஆனால் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும், டிஎன்பிஎஸ்சி பழக்கத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிடக் கூடாது.

குடிமைப் பணிக்கு வரலாறு விருப்பப் பாடமாக 500 மதிப்பெண் தரும். அதில் முதல் தாளின் வரைபடக் கேள்விக்கு மட்டும் 50. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், முதனிலை தமிழில் இல்லை. மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் கிடைக்கும். அந்தத் தேர்வில் இடம் கிடைத்தால் முழுநேரம் இறங்குங்கள், இல்லாவிட்டால் குரூப் 2 படிப்போடு சேர்த்து ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முதல் சம்பளம் வரை | வரலாற்றின் பயன் | பெரிய தடை | தேர்வாகாவிட்டால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| குரூப் 4, 2 | 1½ – 2 வருஷம் | நடுத்தரம் | கணக்கு, கூட்டம் | பொது அறிவு |
| பி.எட்., பட்டதாரி ஆசிரியர் | 4 வருஷம் | நன்று | இரண்டு தேர்வுகள் | தனியார் பள்ளி வேலை |
| எம்.ஏ., பி.எட்., முதுநிலை ஆசிரியர் | 5 வருஷம் | மிக நன்று | காலம் | தனியார் பள்ளி வேலை |
| நெட், கல்லூரி | 3 – 8 வருஷம் | மிக நன்று | ஆங்கிலம் | கௌரவ விரிவுரையாளர் |
| தொல்லியல் | 5 – 7 வருஷம் | முழுமை | மிகக் குறைந்த இடம் | எம்.ஏ., கல்வெட்டுப் பயிற்சி |
| சட்டம் | 3 வருஷம், பிறகு சொற்பம் | பழைய ஆவணத்தில் | ஜூனியர் காலம் | தொழில் உரிமம் |
| ரயில்வே | 1½ – 2 வருஷம் | நடுத்தரம் | கணக்கு வேகம் | பொது அறிவு |

காலம் எல்லாம் அறிவிப்பு ஒழுங்காய் வந்தால் என்ற கணக்கு.

## எவை எவற்றோடு சேரும்

வீடு உடனே காசு கேட்கிறது என்றால், உள்ளூரில் மாலை ஐந்து மணிக்கு முடிகிற ஏதாவது வேலையில் சேர்ந்து, காலை இரண்டு மணி நேரம் குரூப் 4க்கும் ரயில்வேக்கும் படிப்பதுதான் நடைமுறை. இரவு ஒன்பது வரை நிற்க வைக்கும் ஜவுளிக்கடை வேலையில் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கிடைத்தாலும் படிப்பு நின்றுவிடும். எம்.ஏ. வேண்டும் என்றால் தொலைநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு அது பின்னால் உதவும்.

பி.எட். முதல் வருஷமும் குரூப் 4உம் நன்றாகச் சேரும், ஏனென்றால் இரண்டிலும் தமிழும் பள்ளிப் பாடமும் பொது. இரண்டாம் வருஷம் சேராது. மொத்தம் 20 வாரப் பள்ளிப் பயிற்சியில் 16 வாரம் அந்த வருஷம்தான், பாடத்திட்டக் குறிப்பேடு எழுதவே இரவு போய்விடும். அந்தப் பருவத்தில் குரூப் 4 வந்தால் எழுதிவிட்டு வாருங்கள், ஆனால் பயிற்சி முடிந்ததும் தகுதித் தேர்வின் 60 சமூக அறிவியல் கேள்விகளில் முதலில் கையை வையுங்கள். அவற்றில் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் கலந்து வரும். பி.ஏ.வில் தொடாத அந்த மூன்றையும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இரண்டு மாதத்தில் முடிக்கலாம்.